ஷியே ஷிடே: சீனாவுக்குக் குறைக்கடத்தி சொல்லிக்கொடுத்தவர்

#1 வைகைக்கரை

நம் மன்றத்தில் சிப் தொழிற்சாலை என்று பேச்சு எடுத்தாலே எத்தனை கோடி முதலீடு, எத்தனை நானோமீட்டர் என்றுதான் போகிறது. தப்பில்லை. ஆனால் குறைக்கடத்தி (சிப் செய்யப் பயன்படும் சிலிக்கன் போன்ற பொருள்) என்ற சொல்லே பழக்கமில்லாத ஒரு நாட்டில் முதல் வகுப்பை எடுத்தது யார், முதல் பாடநூலை எழுதியது யார் என்று தேடினால் கிடைக்கிற மனிதர்கள் வேறு. சீனாவில் அப்படிக் கிடைக்கிற இரண்டு பேரில் ஒருவர் ஷியே ஷிடே. இன்னொருவர் இயற்பியலாளர் ஹுவாங் குன். ஹுவாங் குன்னைப் பற்றி இங்கே முன்பே பேசியிருக்கிறோம். இந்த இழை ஷியே ஷிடே அம்மையாருக்கு.

1921-இல் ஃபூஜியன் மாகாணத்து ச்சுவான்சோவ் நகரில் பிறந்தார். நான்கு வயதில் அம்மா இறந்துவிட்டார். பாட்டி வளர்த்தார். அப்பா ஷியே யூமிங், அமெரிக்காவில் படித்த இயற்பியலாளர். ஜப்பானியப் படையெடுப்பு தொடங்கி, குடும்பம் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஷிடேயின் இடுப்பு மூட்டில் காசநோய் வந்தது. கல்லூரியில் இடம் கிடைத்தும் போக முடியவில்லை. குய்யாங் நகரில் ஏறக்குறைய நான்கு வருடம் படுக்கையிலேயே கிடந்தார். அந்தப் படுக்கையில் படித்தார். எழுந்து நடந்தபோது ஒரு கால் விந்தியது, கடைசிவரை விந்தியது.

1942-இல் ஷியாமென் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போருக்குப் பயந்து அந்தப் பல்கலைக்கழகமே சாங்டிங் என்ற மலையூருக்குப் போயிருந்த காலம். 1946-இல் பட்டம். 1947-இல் அமெரிக்கா, ஸ்மித் கல்லூரி. 1951-இல் அங்கேயே மாசசூசெட்ஸின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம். 1952-இல் சீனா திரும்பி ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1983 முதல் 1988 வரை அதே பல்கலைக்கழகத்தின் தலைவர். 2000 மார்ச்சில் காலமானார்.

இந்த வாழ்க்கையில் உங்களுக்கு எது பெரிதாகத் தெரிகிறது? எனக்கு ஒரு பதில் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

#2 நெய்தல்நாடன்

ச்சுவான்சோவ் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் வணிகர்கள் போய்ச் சிவன் கோயில் கட்டிய ஊர் அது. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கேதான் கிடைத்தது. இழைக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, என் கேள்வி. எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கியவர், 1952-இல் ஏன் திரும்பினார்? சீனாவும் அமெரிக்காவும் எதிரெதிரே நின்ற கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் ஆயிற்றே.

#3 தர்க்கவாதி

முன்னோடி என்ற சொல்லை நாம் கொஞ்சம் தாராளமாகக் கொடுத்துவிடுகிறோமோ என்று தோன்றுகிறது. பார்டீன், பிராட்டைன், ஷாக்லி என்றால் டிரான்சிஸ்டர், சிப்புக்கு அடிப்படையான மின் சுவிட்ச். ஜப்பானில் நிஷிசாவா என்றால் பி.ஐ.என். (PIN) டயோடு என்ற குறைக்கடத்திக் கருவி. அவரும் பிறகு தோஹோகு பல்கலைக்கழகத் தலைவரானார். ஷியே ஷிடே பெயரில் என்ன கருவி இருக்கிறது? என்ன விதி இருக்கிறது? மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

#4 வைகைக்கரை

நெய்தல்நாடன், உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் தர்க்கவாதி கேட்டது, ஏனென்றால் என் பதில் அதில்தான் இருக்கிறது.

1956-ஐப் பாருங்கள். சீன அரசு பன்னிரண்டு ஆண்டு அறிவியல் திட்டம் ஒன்றைப் போட்டது. அவசரமாகக் கவனிக்க வேண்டிய துறைகளில் ஒன்று குறைக்கடத்தி. சரி, துறை வேண்டும். ஆள் எங்கே? ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அந்தத் துறை தெரிந்தவர் ஒருவர், மிஞ்சிப் போனால் இரண்டு பேர். எனவே ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன: பீகிங், ஃபூடான், நான்ஜிங், ஷியாமென், அப்புறம் இன்று ஜிலின் என்று அழைக்கப்படுவது. எல்லா ஊர் ஆசிரியர்களும் பெய்ஜிங்குக்கு வரட்டும், இயற்பியல் படிக்கும் மேல்வகுப்பு மாணவர்களும் வரட்டும், ஒரே கூரையின் கீழ் பாடம் நடக்கட்டும். குழுவுக்குத் தலைவர் ஹுவாங் குன், துணைத் தலைவர் ஷியே ஷிடே. அவருக்கு வயது 35.

இரண்டு ஆண்டுகள், 1956 முதல் 1958 வரை. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் வெளியே வந்தார்கள். அதில் ஒருவர் வாங் யாங்யுவான். பிறகு எஸ்.எம்.ஐ.சி. நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக, அதன் தலைவராக இருந்தவர். இன்று சீனாவின் மிகப்பெரிய சிப் உற்பத்தி நிறுவனம் அது. அந்த இருநூறு பேர் ஆய்வகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வேறு பல்கலைக்கழகங்களுக்கும் பிரிந்து போய், போன இடத்தில் எல்லாம் அடுத்த வகுப்பை ஆரம்பித்தார்கள்.

கருவிக்குப் பெயர் இருக்கும். விதைநெல்லுக்குப் பெயர் இருக்காது. எனக்கு அவருடைய வாழ்க்கையில் பெரிதாகத் தெரிவது அந்த இரண்டு ஆண்டுகள்.

#5 வாத்தியார்71

முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். பாடநூல் இல்லாத பாடத்தை நடத்துவது என்றால் என்ன என்று நடத்தியவனுக்குத்தான் தெரியும். நான் வேலையில் சேர்ந்த வருடம் திட நிலை இயற்பியல் பாடத்திட்டத்தில் வந்துவிட்டது, தமிழில் புத்தகம் இல்லை. ராத்திரி எழுதி, காலையில் ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் உருளையைச் சுற்றி, மை காய்வதற்கு முன்பே பிள்ளைகள் கையில் கொடுப்பேன். அதைப் பிடித்த பிள்ளைகளின் விரல் எல்லாம் கறுப்பாக இருக்கும். ஒரு சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்த இரவுகள் உண்டு.

அது ஒரு சிறு கல்லூரியில் நாற்பது பேருக்கு. இந்த அம்மையார் ஒரு நாட்டுக்கே அதைச் செய்திருக்கிறார். ஹுவாங் குன்னும் அவரும் வகுப்புக்காகத் தயாரித்ததுதான் 1958-இல் 'குறைக்கடத்தி இயற்பியல்' என்று புத்தகமாக வந்தது. அதே வேகத்தில் ஃபாங் ஜுன்ஷின் என்பவரோடு சேர்ந்து திடநிலை இயற்பியலுக்கும் பாடநூல் எழுதினார். தாய்மொழியில் ஒரு துறைக்கு முதல் நூல் எழுதுகிறவர், அந்தத் துறையில் அடுத்து வருகிற எல்லோருடைய வாயிலும் இருக்கப்போகும் சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார். தர்க்கவாதி தம்பி, அதை முன்னோடி என்று சொல்லக் கூடாதா?

#6 சிலிக்கன்_செல்வி

எல்லோரும் 1956 என்று எளிதாகக் கடந்து போகிறீர்கள். அவர் ஷாங்காயிலிருந்து பெய்ஜிங் போனபோது மகனுக்கு ஐந்து மாதம். கைக்குழந்தை. கணவர் ட்சாவ் தியான்சின் ஷாங்காயில் உயிர்வேதியியல் ஆய்வாளர். குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போனார்.

இதைத் தியாகம் என்று மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எட்டு மாதக் குழந்தை இருந்தபோது வேறு மாநிலத்தில் ஆறு வாரப் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. தஞ்சாவூரில் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். முதல் வாரம் முழுக்க, சிப் வேலை நடக்கும் தூசியில்லாத சுத்த அறைக்குள் போகும் முன்பு கழிவறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன். சட்டை நனையாமல் இருக்கத் துணி மடித்து வைத்துக்கொண்டு உள்ளே போய் வேலை பார்த்தேன். அங்கே இருந்தவர்களுக்கு அது தெரியாது. தெரிந்த பிறகு ஒரு மேலாளர், 'பெண்களை அனுப்பினால் இப்படித்தான்' என்றார்.

அதனால் ஷியே ஷிடே பெய்ஜிங் போனார் என்ற ஒரு வரியைப் படிக்கும்போது எனக்கு உடம்பு நினைவு வைத்திருக்கிறது. ஆறு வாரமே அப்படி. இது இரண்டு வருடப் பணி. அந்த வீட்டில் கணவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாதாரண ஆள் இல்லை அவர். கேம்பிரிட்ஜில் தசைப் புரதமான மயோசினைப் பற்றி முக்கியமான ஆய்வு செய்தவர்.

#7 தர்க்கவாதி

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். செல்வி அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

பாடம் சொல்லிக்கொடுத்ததில் முன்னோடி என்பது இப்போது புரிகிறது. ஆய்வில்? 1958-க்குப் பிறகு என்ன செய்தார்?

#8 சிலிக்கன்_செல்வி

1958-இல் ஷாங்காயில் தொழில்நுட்ப இயற்பியல் நிறுவனத்தைத் தொடங்குவதில் முன்னின்று அதன் துணை இயக்குநர் ஆனார். அது பிற்பாடு அகச்சிவப்புக் கருவிகளுக்குப் பெயர்போன இடம் ஆயிற்று. ஆனால் ஆய்வாளராக அவருடைய பெரிய முடிவு 1977-இல் எடுத்தது. மேற்பரப்பு இயற்பியல்.

கொஞ்சம் விளக்குகிறேன், இது என் துறை. சிலிக்கன் படிகத்துக்குள் ஒவ்வொரு அணுவும் நான்கு பக்கத்து வீட்டுக்காரர்களோடு கைகோத்து நிற்கிறது. மேற்பரப்புக்கு வந்தால் ஒரு பக்கம் ஆளே இல்லை. நீட்டிய கை அந்தரத்தில் நிற்கிறது. அப்படி நிற்க முடியாமல் மேலடுக்கு அணுக்கள் தமக்குள் வேறு மாதிரி அடுக்கிக்கொள்கின்றன. சிலிக்கனின் ஒரு முகத்தில் 49 மடங்கு பெரிய ஒரு கோலமே உருவாகிறது. ஏழுக்கு ஏழு என்பார்கள். அந்தக் கோலம் இருக்கிறது என்று 1959-இலேயே தெரியும். அதன் புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று சரியாகப் புரிய 1985 ஆயிற்று.

இது வெறும் அழகு விஷயம் இல்லை. டிரான்சிஸ்டரே மேற்பரப்பில்தான் பிறந்தது. ஷாக்லியின் முதல் யோசனை ஏன் வேலை செய்யவில்லை என்றால், மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் மாட்டிக்கொள்கின்றன என்று பார்டீன்தான் சொன்னார். அந்த வழியில் போய்த்தான் 1947 டிசம்பரில் டிரான்சிஸ்டர் வந்தது. ஷியே ஷிடே அமெரிக்காவில் காலடி வைத்த அதே வருடம். கருவி சிறுக்கச் சிறுக்க உள்ளே இருக்கும் அணுக்களைவிட ஓரத்தில் இருக்கும் அணுக்களின் கணக்கு முக்கியமாகிறது.

சிரமம் என்னவென்றால் சுத்தமான மேற்பரப்பு கிடைக்கவே கிடைக்காது. காற்றை உறிஞ்சி எடுத்து, ஒரு டாரில் (டார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்துக்குக் கொண்டுவந்தாலும், ஏறக்குறைய ஒரு வினாடியில் ஓர் அடுக்கு வாயு வந்து உட்கார்ந்துவிடும். அதைவிடப் பல ஆயிரம் மடங்கு நல்ல வெற்றிடம் வேண்டும். அந்தக் கருவிகள் விலை உயர்ந்தவை. பத்து வருடம் ஆய்வகங்கள் பூட்டிக் கிடந்த நாட்டில், 56 வயதில், தேசிய அறிவியல் திட்டக் கூட்டத்தில் எழுந்து, நாம் மேற்பரப்பு இயற்பியலை ஆரம்பிக்க வேண்டும் என்று சொன்னார். ஃபூடானில் அதற்கென ஆய்வகம் உருவாக்கினார். கருவி வரும்வரை காத்திருக்காமல் கோட்பாட்டுக் கணக்குகளைத் தொடங்கினார். சிலிக்கன், காலியம் ஆர்சனைடு என்ற இன்னொரு குறைக்கடத்தி, இவற்றின் பரப்புகளில் வேற்று அணுக்கள் ஒட்டும்போது எலக்ட்ரான் நிலைகள் எப்படி மாறுகின்றன என்று அவரும் குழுவினரும் தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார்கள்.

1992-இல் குறைக்கடத்தி இயற்பியலுக்கான உலக மாநாடு பெய்ஜிங்கில் நடந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் அவர். அந்த மாநாட்டை ஒரு நாட்டிடம் ஒப்படைக்கிறார்கள் என்றால் அங்கே ஆய்வு நடக்கிறது என்று அர்த்தம்.

#9 உட்லண்ட்ஸ்காரன்

செல்வி அக்கா சொன்ன அந்தப் பத்து வருடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கலாச்சாரப் புரட்சி, படித்தவர்களைக் குறிவைத்த மாவோ காலத்து அரசியல் புயல். 1966-இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து அறுவை சிகிச்சை ஆயிற்று. அதே வருடம் அந்தப் புயலும் தொடங்கியது. பிறகு அவரை ஆய்வகக் கட்டடத்திலேயே அடைத்து வைத்தார்கள். கணவரும் அவர் வேலை பார்த்த இடத்தில் அடைபட்டார். மகன் சின்னப் பையன், வீட்டில் தனியாக. கழிவறை கழுவச் சொன்னார்கள், கழுவினார். அப்புறம் பட்டறையில் சிலிக்கன் வில்லைகளைத் தேய்க்கும் வேலை.

நான் சிங்கப்பூரில் பதினோரு வருடமாக வேஃபர், அதாவது சிப் செய்ய அடித்தளமான சிலிக்கன் வில்லை, பாலிஷ் செய்யும் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு எல்லாம் இயந்திரம். வில்லை 300 மில்லிமீட்டர் அகலம், முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமன். தேய்க்கிற குழம்பு பால் மாதிரி இருக்கும். சரியாக முடிந்த வில்லையைக் கழுவித் தூக்கினால் அதில் உங்கள் கண் இமை முடி ஒவ்வொன்றாகத் தெரியும். ஓரத்தில் ஒரு தூசியளவு சில்லு பெயர்ந்திருந்தாலும் முழுவதும் கழிவு. பயிற்சிக்கு வந்த புதிதில் இதைக் கையால் பழகச் சொன்னார்கள். மெழுகில் ஒட்டி, கண்ணாடித் தட்டில் குழம்பு விட்டு, எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் உடையும். அழுத்தாவிட்டால் சமமாகாது. அரை மணி நேரத்தில் தோள்பட்டை இறங்கிவிடும்.

மார்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவருக்கு அந்தக் கையைத் தூக்குவதே கடினம். சிலிக்கனுக்குள் எலக்ட்ரான் எப்படி நகர்கிறது என்று அந்த நாட்டுக்கே புத்தகம் எழுதியவர், அந்தச் சிலிக்கனைக் கையால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதைப் படித்த அன்று ஷிஃப்டில் ஒவ்வொரு வில்லையையும் எடுக்கும்போது அவர் நினைவுதான்.

#10 நெய்தல்நாடன்

இதைப் படித்த பிறகு என் பழைய கேள்வி இன்னும் கூர்மையாகிறது. இப்படி நடத்திய நாட்டுக்கு எதற்குத் திரும்பினார்? அவருடைய அப்பாவே போக வேண்டாம் என்று சொன்னதாகப் படித்திருக்கிறேன். அப்பா சொன்னது சரிதானே?

#11 வைகைக்கரை

அப்பா அப்படிச் சொன்னார் என்பது உண்மை. அவர் 1946-இலேயே மணிலாவுக்குப் போய்விட்டார். மகள் திரும்பிப் போவதை அவர் விரும்பவில்லை.

திரும்பியதும் எளிதாக இல்லை. அமெரிக்க அரசு சீன அறிவியல் மாணவர்கள் நாடு திரும்பத் தடை போட்டிருந்தது. ட்சாவ் தியான்சின் அப்போது கேம்பிரிட்ஜில். இருவரும் பள்ளிக்காலத்திலிருந்தே பழக்கம். திருமணத்துக்காக இங்கிலாந்து போகிறேன் என்று அனுமதி வாங்கினார். இங்கிலாந்துக்குள் நுழைய உதவியவர் ஜோசப் நீடம், சீன அறிவியல் வரலாற்றை எழுதிய அதே நீடம். 1952-இல் அங்கே திருமணம், அப்புறம் கப்பல், அக்டோபரில் ஷாங்காய்.

அப்பா சரியா மகள் சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். பட்டறையில் தேய்த்த பிறகும், அடைபட்ட பிறகும், 1977-இல் கதவு திறந்தபோது அவர் கேட்டது நியாயம் இல்லை, ஆய்வகம். 1980-இல் சீன அறிவியல் அகாடமி உறுப்பினர். 1983-இல் ஃபூடான் தலைவர். 1949-க்குப் பிந்தைய புதிய சீனாவில் இப்படியொரு பெரிய பல்கலைக்கழகத்துக்குத் தலைவரான முதல் பெண் அவர்தான்.

தலைவரான பின்பும் ஆசிரியர்கள் போகிற பல்கலைக்கழகப் பேருந்தில்தான் வேலைக்கு வந்தார். யாருக்கு என்ன குறை என்றாலும் அந்தப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம். வந்த கடித உறைகளைப் பிரித்து, உட்பக்கம் வெளியே வரும்படி ஒட்டி, மறுபடி பயன்படுத்துவார். வெளிநாட்டில் படிக்க நினைக்கும் இளைஞர்களுக்குப் பரிந்துரைக் கடிதங்களை எழுதிக்கொண்டே இருந்தார். அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் மார்ச் கூட்டங்களுக்குப் போய்வந்து, அங்கே கேட்டதை ஊரில் எல்லோருக்கும் உரையாகச் சொல்வார். போக முடியாதவர்களுக்காக.

1984 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரீகன் ஃபூடானுக்கு வந்து மாணவர்களிடம் பேசினார். பல்கலைக்கழகத் தலைவர் ஸ்மித் கல்லூரியில் படித்தவர், தன் மனைவியும் அங்கே படித்தவர்தான் என்று அந்த மேடையில் சொன்னார். அடுத்த வருடம் ஃபூடானில் அமெரிக்க ஆய்வு மையம் தொடங்கியது. அதை நடத்தியதும் ஷியே ஷிடேதான்.

#12 தர்க்கவாதி

அவர் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினராகவும் இருந்தார் என்பதை விட்டுவிட்டீர்கள். எதிர்த்துச் சொல்லவில்லை. ஆனால் 1980-களில் ஒரு சீனப் பல்கலைக்கழகத் தலைவரைப் பற்றிப் பேசும்போது அதையும் சேர்த்தே பேச வேண்டும். ஆய்வகத்துக்குப் பணம் கிடைத்ததில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

#13 வைகைக்கரை

உண்மைதான், 1982 முதல் உறுப்பினர். விட்டது என் தவறு. அந்த இடத்தில் இருந்துகொண்டு அவர் எதைக் கேட்டார் என்று பார்த்தால் எனக்கு மரியாதை குறையவில்லை. அதையும் பதிவு செய்கிறேன்.

#14 புதுமாணவன்

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. இந்த இழையை ஒரே மூச்சில் படித்தேன். அப்பாவும் இயற்பியலாளர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் என்ன ஆய்வு செய்தார் சார்? மகள் திரும்பிய பிறகு இருவரும் சமாதானம் ஆனார்களா?

#15 வைகைக்கரை

தம்பி, நல்ல கேள்வி. இதை எழுதாமல் விடவிருந்தேன்.

ஷியே யூமிங் 1930-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் கால்டெக்கில் ஹூஸ்டன் என்பவரோடு சேர்ந்து ஹைட்ரஜன் நிறமாலையை மிகத் துல்லியமாக அளந்தார். நீங்கள் படிக்கிற பால்மர் வரிசைதான், ஹைட்ரஜன் வெளியிடும் ஒளிக்கோடுகள். அதன் நுண்கோடுகளின் இடைவெளி கோட்பாடு சொன்ன அளவுக்கு ஒத்துவரவில்லை. 1934-இல் கட்டுரை வந்தது. அவர் சீனா திரும்பினார். அந்த வித்தியாசத்தை அப்போது பலர் நம்பவில்லை. 1947-இல் லேம்ப் வேறு முறையில் அதை உறுதியாக அளந்தார், 1955-இல் நோபல் பரிசு வாங்கினார். உங்கள் பாடத்தில் லேம்ப் விலகல் என்று வரும். அதன் அருகில் ஷியே யூமிங் பல வருடம் முன்பே போயிருந்தார்.

மகளுக்கு இந்த ஆய்வு பல வருடம் தெரியாது. அப்பா இந்த ஆய்வைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. 1986-இல், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் யாங் ஒரு புத்தகத்தில் ஹூஸ்டனோடு ஷியே என்ற பெயரைப் பார்த்துவிட்டு, இது உங்கள் தந்தையா என்று ஷியே ஷிடேயிடம் கேட்டார். ஆமாம் என்றார். அப்போது அவர் ஃபூடானின் தலைவர், வயது 65.

அப்பா மணிலாவிலிருந்து தைவானுக்குப் போய் அங்கேயே இருந்தார். அதே 1986 மார்ச்சில் காலமானார். 1952-இல் மகள் ஊர் திரும்பியதிலிருந்து ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

#16 வாத்தியார்71

புதுமாணவன் தம்பி, நுண்கட்டமைப்பு, அதாவது அந்த நுண்கோடுகளைப் பற்றிய பாடம், உனக்கு எந்தப் பருவத்தில் வருகிறது? வரும்போது இந்த இழையில் எழுது. ஹைட்ரஜன் கோடுகளிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்லித் தருகிறேன். என்னிடம் பழைய ஸ்டென்சில் குறிப்புகள் இன்னும் இருக்கின்றன, படம் எடுத்து அனுப்புகிறேன்.

#17 புதுமாணவன்

நான்காம் பருவம் ஐயா. டிசம்பரில் தொடங்குகிறது. கட்டாயம் எழுதுகிறேன்.